தேயிலை விவசாயிக்கு ஷெங்கன் விசா: ஐடிஆர் இல்லாமல் வருமானத்தை எப்படிக் காட்டுவது?

2025 நவம்பர் 4, இரவு | கீழ்க்கோத்தகிரி

அக்கா ம்யூனிக்கில் வேலை. அப்பா அம்மாவை வருகிற மே மாதம் அழைத்துப்போய் ஊர் சுற்றிக் காட்ட வேண்டும் என்கிறாள். அதற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். இரண்டரை ஏக்கர் தேயிலை, இலை சொசைட்டி (கூட்டுறவு) ஃபேக்டரிக்குப் போகிறது. வேறு வருமானம் இல்லை, ஐடிஆர் (வருமானவரி ரிட்டர்ன்) போட்டதே இல்லை. ஏஜென்ட் ஒருவர், "ஐடிஆர் இல்லாமல் ஷெங்கன் கிடைக்கவே கிடைக்காது, பிசினஸ் வருமானம் காட்டி மூணு வருஷத்துக்குப் போட்டுத் தர்றேன்" என்கிறார். போடலாமா? அக்கா ஸ்பான்சர் என்று போட்டுவிட்டால் அப்பாவின் வருமானத்தைக் கேட்கமாட்டார்கள்தானே?

நவம்பர் 5, காலை | குன்னூர்

போடாதீர்கள் தம்பி. இல்லாத பிசினஸைக் காட்டுவது பொய்க் கணக்கு. அது போக, ஐடிஆர் ஒப்புகைச் சீட்டில் தாக்கல் செய்த தேதி அச்சாகி வரும். மூன்று வருஷத்துச் சீட்டும் ஒரே வாரத்துத் தேதியில் இருந்தால், விசாவுக்காகவே செய்தது என்று பார்த்ததும் தெரியும். பழைய வருஷங்களுக்கு இப்போது 'அப்டேட்டட் ரிட்டர்ன்' ஒன்றுதான் வழி. அதில் வரியோடு கூடுதல் தொகையும் கட்டியாக வேண்டும். வரியே வராத ஆளுக்கு அது எதற்கு?

பச்சை இலையாக விற்பவருக்கு வருகிற பணம் முழுக்க விவசாய வருமானம். 1961 வருமானவரிச் சட்டத்தின் 10(1) பிரிவின்படி அதற்கு வருமானவரி கிடையாது. தானே பயிரிட்டு, தானே தூளாக்கி விற்பவருக்குத்தான் வருமானவரி விதி 8 வரும். அவருக்கு 40 சதவீதம் வரிக்கு உட்பட்டது, 60 சதவீதம் விவசாயம். அப்பா இலையோடு நிறுத்திக்கொள்வதால் ஐடிஆர் இல்லாதது சட்டப்படி சரியான நிலைதான். கவர் லெட்டரில் இதை இரண்டே வரியில் எழுதுங்கள்: சிறு தேயிலை விவசாயி, பச்சை இலை மட்டும் விற்கிறார், இந்தப் பிரிவின் கீழ் விலக்கு, ஆகவே ரிட்டர்ன் இல்லை. பட்டியலில் கேட்ட காகிதம் கோப்பில் இல்லாமல், ஏன் இல்லை என்ற விளக்கமும் இல்லாமல் இருந்தால்தான் சந்தேகம் வரும்.

மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. நமக்கு அந்த இடத்தில் இருப்பது இலைக் கணக்கு. ஃபேக்டரியில் லெட்டர்ஹெட்டில் ஒரு சான்று வாங்குங்கள். உறுப்பினர் எண், எந்த வருஷத்திலிருந்து இலை போடுகிறார், கடந்த 12 மாதத்தில் மாதவாரியாக எத்தனை கிலோ, கிலோ விலை, மொத்தத் தொகை, பிடித்தம், வங்கியில் போட்ட தொகை, எல்லாம் அதில் வர வேண்டும். செயலாளர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கட்டும். ஆங்கிலத்திலேயே கேட்டு வாங்கினால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.

ஸ்பான்சர் விஷயம் இரவு எழுதுகிறேன்.

நவம்பர் 5, மதியம் | கீழ்க்கோத்தகிரி

பிடித்தம் எதற்கு அண்ணா? மொத்தத் தொகையை மட்டும் போட்டால் வருமானம் கூடத் தெரியுமே.

நவம்பர் 5, இரவு | குன்னூர்

கூடத் தெரியும், வங்கிக் கணக்கோடு ஒட்டாது. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். மாதம் 2,100 கிலோ, கிலோ 22 ரூபாய் என்றால் 46,200. உரத்துக்கும் முன்பணத்துக்கும் 6,200 பிடித்துவிட்டு வங்கியில் 40,000 விழுகிறது. சான்றில் 46,200, பாஸ்புக்கில் 40,000 என்று இருந்தால் படிக்கிறவருக்கு அந்த 6,200 எங்கே போனது என்று தெரியாது. பிடித்தம் எழுதியிருந்தால் ரூபாய் பிசகாமல் இரண்டும் பொருந்தும். விசா அதிகாரி தேயிலையை அறியாதவராக இருப்பார். அவர் நேரில் பார்க்கப் போவதும் இல்லை. சான்றையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், அவ்வளவுதான். இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னால் சின்ன வருமானமும் நம்பகமான வருமானம் ஆகிவிடுகிறது.

தனியார் ஃபேக்டரிக்கு இலை போடுகிறவர்கள் கவனிக்க: சில இடங்களில் ஒரு பகுதி ரொக்கமாகக் கைக்கு வருகிறது. அது எந்தக் காகிதத்திலும் ஏறாது. மே மாதப் பயணம் என்றால் இப்போதிருந்தே முழுத் தொகையும் வங்கி வழியாக வருமாறு கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும்போது சில மாதத்துப் பதிவாவது கையில் இருக்கும்.

ஸ்பான்சர் பற்றி. ஜெர்மனியில் இருக்கிற பிள்ளை கொடுக்கும் சாதாரண அழைப்புக் கடிதம் வேறு, அங்கே வெளிநாட்டினர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கும் பொறுப்பேற்புப் பத்திரம் வேறு. 'இவர்கள் செலவு முழுக்க என் பொறுப்பு' என்று அந்த அரசிடமே எழுதிக்கொடுப்பது இரண்டாவது. கட்டணம் 29 யூரோ. கையெழுத்திட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாவுக்குக் கொடுத்தாக வேண்டும். பெரிய நகரங்களில் இதற்கு நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகிறது, அக்காவை ஜனவரியிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். அசல் இந்தியாவுக்கு வந்து சேர வேண்டும். ஸ்கேன் போதாது.

அந்தப் பத்திரம் செலவுக் கேள்விக்குத்தான் பதில். திரும்பி வருவார்களா என்பது தனிக் கேள்வி, அதற்கு அக்காவால் பதில் சொல்ல முடியாது. தோட்டம், வீடு, ஊரில் இருக்கும் குடும்பம் இவைதான் பதில். ஆகவே ஸ்பான்சர் இருந்தாலும் அப்பாவின் காகிதங்கள் முழுக்க வைக்க வேண்டும்.

நவம்பர் 7 | கூடலூர்

எங்கள் பக்கம் பாதிப் பேரிடம் பட்டாவே கிடையாது. செக்ஷன் 17 நிலம். நாற்பது வருஷமாக இலை பறிக்கிறோம், காகிதம் கேட்டால் கையில் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் என்ன செய்வது?

நவம்பர் 7, இரவு | குன்னூர்

1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் மாட்டிக்கொண்டு, உரிமை முடிவாகாமல் இருக்கும் நிலங்கள். அந்தச் சிக்கலை விசா அலுவலகத்துக்கு விளக்கப் போக வேண்டாம், அரைப் பக்கம் எழுதினாலும் புரியாது. நிலம் யாருடையது என்று நிரூபிப்பது அங்கே தேவையில்லை. உங்களுக்கு அங்கே பிழைப்பு இருக்கிறது, வீடு இருக்கிறது என்பது தெரிந்தால் போதும். ஃபேக்டரி இலைக் கணக்கு, தேயிலை வாரியத்தின் சிறு விவசாயி அடையாள அட்டை, வங்கிப் பதிவு, வீட்டுவரி ரசீது, மின் கட்டண அட்டை, குடும்ப அட்டை. இவை நிற்கும். விண்ணப்பத்தில் 'சொந்த நிலம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 'பயிரிட்டு வருகிறேன்' என்று எழுதுங்கள், அதுதான் உண்மை.

நவம்பர் 8 | கோத்தகிரி

எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) வேறு மாதிரி. பட்டா இருக்கிறது, தாத்தா பெயரில் கூட்டுப்பட்டா, அப்பாவும் சித்தப்பாக்களும் ஆளுக்கொரு பக்கம் பறிக்கிறார்கள். பாகம் பிரிக்கவில்லை.

நவம்பர் 8 | குன்னூர்

பட்டா நகலோடு வாரிசுச் சான்றை இணைத்தால் தாத்தா பெயருக்கும் அப்பா பெயருக்கும் உள்ள தொடர்பு தெரிந்துவிடும். விஏஓவிடம் அனுபவச் சான்றும் கேளுங்கள், எந்த சர்வே எண்ணில் எவ்வளவு பரப்பு யார் அனுபவத்தில் என்று. விசாவுக்காக அவசரமாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்கிறார்கள், அது வேண்டாத வேலை. குடும்பத்தில் பேசி முடிக்க வேண்டியதைப் பயணத் தேதிக்குப் பயந்து முடிக்கக்கூடாது.

பட்டா, சிட்டாவை அரசின் இணைய சேவைத் தளத்திலிருந்தே எடுங்கள். அதில் வரும் குறிப்பு எண்ணை வைத்து யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். இரண்டரை ஏக்கர் ஏறத்தாழ 1.01 ஹெக்டேர். கவர் லெட்டரில் ஏக்கர் எழுதினால் பக்கத்தில் ஹெக்டேரும் எழுதுங்கள். தமிழ்க் காகிதம் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவரின் முத்திரையோடு.

நவம்பர் 10 | கீழ்க்கோத்தகிரி

இ-சேவையில் எடுத்த வருமானச் சான்று அப்பாவிடம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 72,000. இதையும் சேர்க்கட்டுமா?

நவம்பர் 10 | குன்னூர்

கூடாது. இந்த 72,000 பல வீடுகளில் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு முன்பு அதுதான் வரம்பு, அதற்காக எடுத்த சான்று. இப்போது வரம்பு 1,20,000. ஃபேக்டரி கணக்கில் வருஷத்துக்கு நான்கு லட்சத்துக்கு மேல் இலை போட்டிருப்பார், தாசில்தார் சான்றில் 72,000. ஒரே கோப்பில் ஒன்றையொன்று பொய்யாக்கும் இரண்டு காகிதம். மறுப்புக்கு இதைவிட நேரான வழி இல்லை. வருமானச் சான்று வைக்க விரும்பினால் இலைக் கணக்கைக் காட்டி உண்மையான தொகைக்குப் புதிதாக எடுங்கள். அப்படி எடுத்தால் சில திட்டங்களின் தகுதி போகும் என்பதையும் அப்பாவிடம் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். சான்று கட்டாயம் இல்லை. இலைக் கணக்கும் வங்கியும் ஒத்திருந்தால் அது இல்லாமலே போகலாம்.

நவம்பர் 11 | தண்டிக்குடி

பழனி மலைப் பக்கத்துக் கதை இது. எங்களுக்கு மாதாமாதம் பணம் வராது. காபி வருஷத்துக்கு ஒரு அறுவடை, மிளகு ஒரு முறை, மலைவாழை அவ்வப்போது. மேல்மலை ஆட்களுக்குப் பூண்டு, அது வடுகபட்டி மண்டிக்கு இறங்குகிறது. வங்கி அறிக்கையில் ஆறு மாதம் காலியாக இருக்கும், திடீரென்று மூன்று லட்சம் விழும். வெளியாள் பார்வைக்கு யாரோ கைமாற்றாகப் போட்ட பணம் போலத் தெரியும். ஆகவே எங்கள் ஆட்கள் ஆறு மாத அறிக்கை போதாது என்று 12 மாதம் வைக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய வரவுக்கும் எதிரே கமிஷன் மண்டிச் சீட்டு அல்லது காபி வாங்கியவரின் பில் எண்ணை எழுதி ஒரு தாள் தயாரிக்க வேண்டும். தேதி, தொகை, எதற்கு, எந்தச் சீட்டு: நான்கு பத்தி. அந்த ஒரு தாள் கோப்பையே மாற்றிவிடும்.

வரியில் ஒரு வேறுபாடும் உண்டு. காபியைப் பயிரிட்டு, தானே க்யூரிங் (தோல் நீக்கிப் பதப்படுத்துவது) செய்து விற்றால் விதி 7பி வரும், 25 சதவீதம் வரிக்கு உட்பட்டது. வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதம். தோட்டத்திலிருந்து பழமாகவோ, உலர்த்தி அப்படியேயோ விற்பவர்களுக்கு இது பொருந்தாது. 'நான் விவசாயி, எனக்கு வரியே இல்லை' என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே சொந்தக் காபித்தூள் பாக்கெட்டின் படத்தை வைத்துவிடாதீர்கள்.

நவம்பர் 11 | கொடைக்கானல்

ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களும் அப்படித்தான். அறை வாடகை விவசாயம் ஆகாது. வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினால் ரிட்டர்ன் வேண்டும்.

நவம்பர் 13 | குன்னூர்

தண்டிக்குடிக்காரர் சொன்ன அந்த வரவுத் தாளைத் தேயிலைக்காரர்களும் செய்யலாம். நகைக்கடன், சங்கக் கடன், பிள்ளை அனுப்பிய பணம் எது விழுந்திருந்தாலும் எழுதுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் இருப்பைக் கூட்டிக் காட்ட வெளியில் வாங்கிப் போடுவதைத்தான் செய்யவே கூடாது. ஒரு லட்சம் நிலையாக இருப்பது, நான்கு லட்சம் திடீரென்று வந்து நிற்பதைவிட மேல். பழைய தேதியிட்ட ஃபிக்ஸட் டெபாசிட் இருந்தால் ரசீது நகல் சேருங்கள். கூட்டுறவு வங்கியில் கணக்கு உள்ளவர்கள் பாஸ்புக் நகலோடு நிற்காமல், கிளையில் ஆங்கில அறிக்கை வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் கையெழுத்தும் போடச் சொல்லுங்கள். ஜெர்மனிக்கு மூன்று மாதம் என்றிருக்கும், நாம் ஆறு மாதம் வைக்கலாம்.

ஐடிஆர் பற்றி இன்னொன்றும் யோசித்தேன். போடவே வேண்டாம் என்று முன்பு எழுதியது பொய் வருமான ஐடிஆருக்கு. விவசாய வருமானத்தை உள்ளபடி காட்டி இந்த வருஷத்துக்கு மட்டும் போடுவதில் தவறில்லை. 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்குத் தாமத ரிட்டர்ன் 2025 டிசம்பர் 31 வரை போடலாம். மொத்த வருமானம் அடிப்படை வரம்புக்குள் இருப்பதால் தாமதக் கட்டணமும் வராது. ஐடிஆர்-1-ல் விவசாய வருமானம் 5,000 ரூபாய் வரைதான் இடம், அதற்கு மேல் ஐடிஆர்-2, விலக்குப் பெற்ற வருமான அட்டவணையில் எழுத வேண்டும். ஐந்து லட்சம் தாண்டினால் நிலத்தின் மாவட்டம், அஞ்சல் குறியீடு, பரப்பு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்பதும் கேட்கும். ஒரே ஒரு வருஷத்து உண்மையான ரிட்டர்ன், மூன்று வருஷத்துப் பொய்யைவிட ஆயிரம் மடங்கு பலம்.

நவம்பர் 16 | மஞ்சூர்

யாரும் பேசாத ஒன்று, கைரேகை. இலை பறிக்கிற கை, கவாத்து வெட்டுகிற கை. விரல் நுனி ரேகை தேய்ந்து, கறை ஏறி, டிசம்பர் பனிக்கு வெடித்திருக்கும். ரேஷன் கடையிலேயே இயந்திரம் எடுக்காமல் திணறுகிறவர்களுக்கு விண்ணப்ப மையத்தில் பத்து விரலும் எடுக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு முன்பே பறிப்பதையும் மருந்து அடிப்பதையும் சிமென்ட் வேலையையும் நிறுத்திவிட வேண்டும். முடியாவிட்டால் கையுறை. தினமும் இரவு தேங்காய் எண்ணெயோ வாசலினோ தேய்த்துப் படுத்தால் ஒரு வாரத்தில் வெடிப்பு மூடிவிடும். கறையைப் போக்க பிளீச்சிங் பவுடரும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்கிறார்கள், அது தோலை இன்னும் உரித்துவிடும், வேண்டாம். மருதாணி கூடவே கூடாது. அன்று காலை எண்ணெய் தடவக்கூடாது, சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு போக வேண்டும். காய்ந்துபோன விரலாக இருந்தால் ஈரத்துணியில் ஒருமுறை ஒற்றிவிட்டு வைத்தால் இயந்திரம் பிடிக்கும். முதல் முறை விழவில்லை என்றால் பதறாமல் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பத்தும் வராவிட்டால் எத்தனை விரல் வருமோ அத்தனை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஷெங்கன் விதி. உடலளவில் முடியவே முடியாதவருக்கு விலக்கும் உண்டு. 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் கைரேகையே இல்லை. ஒருமுறை எடுத்தது 59 மாதம் செல்லும்.

நவம்பர் 17 | கீழ்க்கோத்தகிரி

இதை நினைத்தே பார்க்கவில்லை. அம்மாவின் கை அப்படித்தான். அவங்களுக்கு 'தொழில்' என்ற இடத்தில் என்ன போடுவது? இல்லத்தரசி என்றா?

நவம்பர் 17 | குன்னூர்

தோட்டத்தில் வேலை செய்கிறவரை இல்லத்தரசி என்று ஏன் எழுத வேண்டும்? இருவருக்குமே சுயதொழில், சிறு தேயிலை விவசாயி என்று எழுதுங்கள். முதலாளி முகவரி கேட்கும் இடத்தில் தோட்ட முகவரி. ஃபேக்டரியை அங்கே எழுதினால் அங்கே சம்பளத்துக்கு இருக்கிறார் என்று பொருளாகி, சம்பளச் சீட்டு கேட்பார்கள். இருவருக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி முழு நகல் தொகுப்பு. அப்பா கோப்பில் இருக்கிறதே என்று அம்மா கோப்பில் விடக்கூடாது, இரண்டும் வேறு மேஜைக்குப் போகலாம்.

அக்காவோடு உறவைக் காட்ட அக்கா பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம் போதும், பெற்றோர் பெயர் அதில் இருக்கும். அந்த எழுத்துக்கூட்டலும் அப்பா அம்மா பாஸ்போர்ட்டில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். நம் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு ஒற்றைப் பெயர்தான். ஆதாரில் இனிஷியலோடு, வங்கியில் இனிஷியல் இல்லாமல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து வரும். மூன்றும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள். பிறந்த ஊரும் அப்படியே. பாஸ்போர்ட்டில் ஊட்டகமண்ட் என்றிருந்தால் விண்ணப்பத்திலும் அதையே எழுத வேண்டும், உதகமண்டலம் என்று திருத்தக்கூடாது.

நவம்பர் 18 | கோத்தகிரி

ஒற்றைப் பெயர் என்றதும் ஞாபகம் வந்தது. ஒரே ஒரு சொல் மட்டும் பெயராக உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தருவதில் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கோவையிலிருந்து ஷார்ஜா விமானம் இருக்கிறது, போகிற வழியில் இரண்டு நாள் துபாய் பார்க்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, மற்ற இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று எழுத வேண்டும்.

நவம்பர் 18 | கூடலூர்

அமெரிக்கா பற்றியும் யாராவது எழுதுங்களேன். எங்களுக்குப் பெங்களூரு பக்கம், அங்கே போய் மனுச் செய்யலாமா?

நவம்பர் 19 | குன்னூர்

அமெரிக்காவுக்கு இந்தியாவில் விசா வேலை நடக்கும் எந்தத் தூதரகத்திலும் போடலாம், பெங்களூருவில் அது நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டணம் 185 டாலர், நேர்காணல் உண்டு. அங்கே காகிதக் கட்டைப் பெரும்பாலும் பிரிக்கவே மாட்டார்கள். படிவத்தில் எழுதியதும் வாயால் சொல்வதும் ஒன்றாக இருந்தால் போதும். ஷெங்கனுக்கு நேர்எதிர், நேர்காணல் அரிது, காகிதம்தான் பேச வேண்டும். ஷெங்கன் நாடுகள் சில எந்த மாநிலத்துக்காரர் எங்கே போட வேண்டும் என்று பிரித்து வைத்திருக்கின்றன. ஜெர்மனிக்கு நாம் சென்னையில் கொடுக்கலாம். பெங்களூரு போகிறவர்கள் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை வைத்து நேரம் குறியுங்கள்.

சென்னைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறு மணிக்கு மேல் சென்ட்ரலில் விடும். பத்து மணிக்கு முன்னால் நேரம் எடுக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் ஒரு நாள் முன்பே மலையிறங்கிவிடுங்கள். பர்லியார் வழியில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியில் கூட்டம் முழுக்கத் திரும்பும், இரவு ரயில் தவறிவிடும். நேரம் ஒதுக்கித் தர ஏஜென்டுகள் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள், தினமும் காலையில் நீங்களே தளத்தைப் பாருங்கள்.

நவம்பர் 22 | கீழ்க்கோத்தகிரி

90 நாள் கேட்கலாம் என்கிறாள் அக்கா. எப்படியும் 90 நாள் வரை கொடுப்பார்களாமே.

நவம்பர் 22, இரவு | குன்னூர்

90 என்பது உச்ச வரம்பு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள், நுழைகிற நாளும் வெளியேறுகிற நாளும் கணக்கில் உண்டு. தோட்டம்தான் எங்களைத் திரும்ப அழைக்கிறது என்று சொல்லும் ஒருவர், ஏப்ரல் ஜூன் உச்ச அறுவடையில் மூன்று மாதம் தோட்டத்தை விட்டுப் போகிறேன் என்றால் இரண்டு வாதமும் மோதும். முதல் பயணத்துக்கு 30 முதல் 45 நாள் என் கணிப்பு. மே மாதமே போவதென்றால் பறிப்பு முறையை (ரவுண்டு) யார் பார்ப்பது, பறிக்க ஆள் யார், ஃபேக்டரிக் கணக்கு யார் கையில் என்று கவர் லெட்டரில் எழுதுங்கள். நீங்கள் ஊரில் இருக்கிறீர்கள், அதைச் சொன்னாலே போதும்.

விசா ஸ்டிக்கரைப் படிக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். செல்லும் தேதி வேறு, தங்கும் நாள் வேறு. 2026 மே 10 முதல் ஜூலை 8 வரை, தங்க 45 நாள் என்று இருக்கும். இடையில் உள்ள 60 நாளில் 15 நாள் பயணம் தள்ளிப்போனால் பயன்படத் தரும் சலுகை. மே 10 நுழைந்தால் ஜூன் 23-க்குள் கிளம்ப வேண்டும். மே 20 நுழைந்தால் ஜூலை 3. ஜூலை 8 வரை இருக்கலாம் என்று நினைத்துத் தங்கிவிட்டால் அடுத்த விசா கனவாகிவிடும்.

நவம்பர் 24 | கொடைக்கானல்

கட்டணமும் காப்பீடும்: 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45, ஆறுக்குக் கீழ் இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுக்க, உடலைத் திருப்பி அனுப்பும் செலவு உட்பட. 30,000 டாலர் பாலிசி போதாது, யூரோவாக மாற்றினால் குறைந்துவிடும். 50,000 டாலர் எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பாலிசியில் முன்பே உள்ள நோய்க்கு என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும்தான் கொடுப்பார்கள். மருந்தைப் பயண நாளுக்கு மேல் இரண்டு வாரம் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள்.

டிக்கெட் வாங்க வேண்டாம், முன்பதிவு போதும். ஆனால் உண்மையான முன்பதிவாக இருக்கட்டும், எண்ணைப் போட்டுப் பார்த்தால் தெரிய வேண்டும்.

நவம்பர் 25 | கோத்தகிரி

மறுத்துவிட்டால் ஒரு மாதத்துக்குள் தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம், கட்டணம் இல்லை.

நவம்பர் 25 | குன்னூர்

அது பழைய நடைமுறை. ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் அதை எல்லா நாட்டிலும் நிறுத்திவிட்டது. இப்போது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு, அல்லது புதிதாக விண்ணப்பம், இரண்டே வழி. இரண்டாவதுதான் நடக்கக்கூடியது. மறுப்புத் தாளில் எந்தக் காரணத்துக்கு எதிரே குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பணம் போதாது என்றால் ஒரு வேலை, திரும்பி வருவது சந்தேகம் என்றால் வேறு வேலை. அதே கோப்பை அப்படியே மறுபடி கொடுத்தால் அதே பதில்தான் வரும். முன்பு மறுக்கப்பட்டதை அடுத்த விண்ணப்பத்தில் மறைக்கவும் கூடாது, அவர்களிடம் பதிவு இருக்கிறது.

மறுபரிசீலனை என்ற வழி இல்லாததால் முதல் விண்ணப்பத்திலேயே எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அதனால்தான் இலைக் கணக்கை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

டிசம்பர் 2 | கீழ்க்கோத்தகிரி

சொசைட்டியில் சான்று கேட்டோம். மாதவாரியாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எப்போது விண்ணப்பிப்பது?

டிசம்பர் 2 | குன்னூர்

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து, கடைசியாக 15 நாள் முன்பு வரை. முடிவுக்கு 15 நாள் என்பது கணக்கு, 45 நாள் வரை நீளலாம். மே பயணத்துக்கு ஏப்ரலில் சென்னையில் நேரம் கிடைப்பது கஷ்டம். பிப்ரவரி கடைசியில் கொடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி வரையிலான இலைக் கணக்கும் சேரும், பனிக்காலத்தில் பறிப்பு குறைவாக இருப்பதால் அம்மா கையும் ஆறியிருக்கும். வெடிப்பை மட்டும் மஞ்சூர்க்காரர் சொன்னபடி பார்த்துக்கொள்ளுங்கள். பயணம் முடிந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும், அதில் இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். படம் 35க்கு 45 மில்லிமீட்டர், ஆறு மாதத்துக்குள் எடுத்தது, வெளிர் பின்னணி.

ஐரோப்பாவில் வேறு நாடும் பார்ப்பதாக இருந்தால், அதிக நாள் தங்கும் நாட்டில்தான் போட வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. மகள் இருக்கும் ஊர் என்பதற்காக ஜெர்மனியில் போட்டுவிட்டு இத்தாலியில் பத்து நாள் கூடுதல் எழுதாதீர்கள்.

டிசம்பர் 3 | தண்டிக்குடி

இந்த விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தித் திரும்பினால் அடுத்தது எளிது. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று வந்த விதிப்படி, மூன்று வருஷத்துக்குள் இரண்டு விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு வருஷப் பல்நுழைவு விசா தரலாம், அதன்பின் ஐந்து வருஷம். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், விண்ணப்பத்தில் அதையும் இணைக்க வேண்டும்.

டிசம்பர் 3 | குன்னூர்

போகும்போது கைப்பையில் இவை இருக்கட்டும், லக்கேஜில் போடக்கூடாது: பொறுப்பேற்புப் பத்திரத்தின் நகல், காப்பீடு, திரும்பும் டிக்கெட், மகளின் முகவரியும் தொலைபேசி எண்ணும் தாளில் எழுதியது. விசா இருந்தாலும் எல்லையில் இவற்றைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் அங்கே நுழைவு வெளியேற்றத்தைக் கணினியில் பதிகிறார்கள், முகத்தைப் படம் எடுப்பார்கள். பாஸ்போர்ட் முத்திரையின் இடத்தைப் படிப்படியாக அந்தப் பதிவு பிடிக்கிறது. கம்பளித் தொப்பியைக் கழற்றச் சொன்னால் அம்மா தயங்காமல் கழற்றட்டும், முன்பே சொல்லி வையுங்கள்.